முட்டையின் குலம்

குழந்தைக் கதைகளை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இல்லை. எழுத்தாளன் ஓய்வு நேரத்தில் செய்யும் இடதுகைக் காரியம் என்றோ, பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம் என்றோ ஒதுக்கிவிடுகிறோம். என் கட்சி வேறு. ஒரு சமூகம் தன் மனசுக்குள் எதை நம்புகிறது என்பதை அதன் நாவல்களைவிட அது தன் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகள் சீக்கிரமாகக் காட்டிக்கொடுத்துவிடும். நாவல் எழுதும்போது ஆசிரியன் உஷாராக இருக்கிறான். விமர்சகன் ஒருவன் எங்கோ உட்கார்ந்திருக்கிறான் என்ற பிரக்ஞை அவனுக்கு உண்டு. குழந்தையின் முன்னால் அந்த உஷார் தளர்ந்துவிடுகிறது.

நான் பேச வருவது ஒரு குறிப்பிட்ட வகைக் கதையைப் பற்றி. கூட்டத்தோடு ஒட்டாத பிராணி ஒன்று, அல்லது குழந்தை ஒன்று. நிறத்தாலோ உருவத்தாலோ சுபாவத்தாலோ வேறுபட்டது. முதலில் கேலி, விரட்டல். கடைசியில் ஏற்பு, கொண்டாட்டம். இந்த வகை இன்று உலகச் சந்தையில் மலிந்து கிடக்கிறது. வேற்றுமையை ஏற்கக் கற்றுத்தரும் கதை என்கிற ரீதியில் பின்னட்டையில் ஒரு வரி இருக்கும். நோக்கம் நல்லது, ஆகவே கதையும் நல்லது என்று முடிவுகட்டி வாங்குகிறார்கள். நான் இந்தக் கதைகளிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுப் பார்க்கிறேன்: ஏற்றுக்கொண்ட கூட்டத்திடம் என்ன மாறியிருக்கிறது? பெரும்பாலானவை பதில் சொல்லாமல் நழுவிவிடுகின்றன.

நாம் அறிந்தவற்றில் இந்த வகைக்கு மூலவிக்ரகம் போல நிற்பது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1843 நவம்பரில் கோபன்ஹேகனில் வெளியிட்ட அவலட்சண வாத்துக்குஞ்சின் கதை. நம்மிடம் அது எலும்புக்கூடாகத்தான் புழங்குகிறது. அழகில்லாத குஞ்சு, எல்லோரும் கேலி செய்தார்கள், பிறகு அன்னமாயிற்று, சுபம். ஆண்டர்சனின் கலை முழுவதும் இந்தச் சுருக்கத்தில் உதிர்ந்துபோகும் பகுதிகளில் இருக்கிறது. பண்ணை முற்றத்தைப் பாருங்கள். காலில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கிழ வாத்து, ஸ்பானிய ரத்தம், அங்கே அதுதான் பெரிய மனுஷி. தாய் வாத்து தன் குஞ்சுகளை அதன் முன் கொண்டுபோய் நிறுத்தி, தலைவணங்கச் சொல்லி, நல்ல குடும்பத்துக் குஞ்சு பாதங்களை எப்படி அகட்டி வைத்து நடக்க வேண்டும் என்றும் சொல்லித்தருகிறது. ஒரு விலாங்குத் தலைக்காக இரண்டு வாத்துக் குடும்பங்கள் அடித்துக்கொள்ள, தலை பூனைக்குப் போகிறது. நாலைந்து கோடுகளில் ஒரு சமூகமே எழுந்துவிடுகிறது. அந்த முற்றத்தில் குஞ்சைக் கொத்தாதவர் இல்லை. தீனி போட வரும் பெண்ணும் காலால் எத்துகிறாள். முதலில் அதற்காகப் பரிந்து பேசிய தாயே நாட்கள் போகப் போக, இது எங்காவது தொலைந்துபோனால் தேவலை என்கிறாள். ஆண்டர்சன் இந்த இடத்தில் தாயைக் கண்டிக்கவில்லை. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பெற்றவளின் அன்பும் ஊர்வாய்க்கு முன் தேய்ந்துபோகும் என்பதைக் குழந்தைக்குச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இதைவிடவும் உயர்ந்த இடம் கிழவியின் குடிசை. கிழவிக்குக் கண் மங்கல். வந்திருப்பது கொழுத்த பெட்டை வாத்து, முட்டை கிடைக்கும் என்று மூன்று வாரம் பரீட்சார்த்தமாக வைத்துக்கொள்கிறாள். அந்த வீட்டில் பூனை எஜமானன், கோழி எஜமானி. முட்டையிடத் தெரியுமா என்று கோழி கேட்கிறது. முதுகை வளைத்து உறுமத் தெரியுமா என்று பூனை கேட்கிறது. இரண்டும் தெரியாதவனுக்கு அபிப்பிராயம் வைத்துக்கொள்ள உரிமையில்லை. குஞ்சுக்குத் தண்ணீரில் மிதக்க வேண்டும் போல் ஓர் ஏக்கம் வருகிறது, வாய்விட்டுச் சொல்கிறது. வேலை வெட்டி இல்லாததால் வந்த கிறுக்கு இது என்கிறது கோழி. இங்கே கவனிக்க வேண்டியது, கோழி கெட்டவள் இல்லை. அவள் மனதார இதன் நன்மைக்காகத்தான் பேசுகிறாள். கவிதை எழுத ஆரம்பித்துவிட்ட பையனிடம் பேசும் நம் மாமாக்களின் குரலை இந்தக் கோழியிடம் அட்சரம் பிசகாமல் கேட்கலாம். விரட்டுகிறவனைவிட, அறிவுரை சொல்லி மடியில் உட்காரவைத்துக்கொள்கிறவன் அபாயமானவன் என்று ஆண்டர்சனுக்குத் தெரிந்திருக்கிறது. குஞ்சு தானாகவே அந்தக் கதகதப்பை விட்டு வெளியேறுகிறது. முற்றத்திலிருந்து ஓடியது பயத்தால். குடிசையிலிருந்து போவது ஏக்கத்தால். கதையின் தார்மீக உச்சம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இத்தனையும் எழுதிய கை, முடிவில் போய்த் தடுமாறுகிறது. வசந்தம் வருகிறது, மூன்று அன்னங்கள் வருகின்றன, கொல்லட்டும் என்று தலைகுனிந்த குஞ்சு தண்ணீரில் தன் நிழலைப் பார்க்கிறது. அது அன்னம். தோட்டத்துக் குழந்தைகள் ரொட்டி வீசுகிறார்கள். மூத்த அன்னங்கள் வணங்குகின்றன. டேனிஷ் விமர்சகர் கியோர்க் பிராண்டெஸ் 1869ல் எழுதிய நீண்ட கட்டுரையில் இந்த முடிவைக் குறை சொன்னார். சுதந்திரமாகப் பறக்க வேண்டிய பறவையைத் தோட்டத்துக் குளத்தில் ரொட்டித்துண்டு தின்ன விட்டுவிட்டாரே என்பது அவர் ஆத்திரம். ஓடென்ஸேயில் செருப்புத் தைப்பவருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் பிறந்து, 1819ல் பதினாலு வயதில் தனியாகத் தலைநகருக்கு வந்து, கொலின் என்ற பெரிய அதிகாரியின் தயவில் படித்து, பிறகு பிரபுக்களின் விருந்து மேஜைகளில் இடம்பிடித்தவர் ஆண்டர்சன். அந்த வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் பிராண்டெஸின் குத்தல் எங்கே பாய்கிறது என்பது புரியும்.

எனக்கு உறுத்துவது வேறு. குஞ்சு ஏன் அன்னமாயிற்று? துன்பம் அதைப் பக்குவப்படுத்தியதாலா, ஏக்கத்தின் பலமா? ஒன்றுமில்லை. அது ஆரம்பத்திலிருந்தே அன்னத்தின் முட்டை. வாத்து முற்றத்தில் பிறந்தால் என்ன, முட்டை உயர்ந்ததாக இருந்தால் போதும் என்ற அர்த்தத்தில் கதைசொல்லி தன் வாயாலேயே குறுக்கிட்டுச் சொல்லவும் சொல்லிவிடுகிறார். ஆக, முற்றத்தின் நியாயம் உடையவே இல்லை. ஸ்பானிய ரத்தத்துக்காகத் தலைவணங்கிய அதே சட்டம் குளத்திலும் செல்லுபடியாகிறது. சிவப்புத் துணி கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். வாத்தாகவே பிறந்து, அவலட்சணமாகவும் இருந்துவிட்ட குஞ்சுக்கு இந்தக் கதையில் இடமில்லை.

தமிழ் வாசகனுக்கு இது எளிதில் பிடிபட வேண்டும். இந்தக் கணக்கு அவனுக்கு முன்பே பழக்கம். பஞ்சதந்திரத்து நீல நரியை நினைத்துப் பாருங்கள். சாயத் தொட்டியில் விழுந்து நிறம் மாறிய நரி. கண்டிராத பிறவி என்று மிருகங்கள் பயந்து அதை ராஜாவாக்குகின்றன. அது தன் இனத்தாரைத் துரத்திவிடுகிறது. ஒருநாள் தூரத்தில் நரிகள் ஊளையிடுவது கேட்டு, மயிர் சிலிர்த்து, தன்னை மறந்து தானும் ஊளையிட, குட்டு உடைந்து சாகிறது. ஆண்டர்சனின் குஞ்சும் இலையுதிர் காலத்தில் வானத்தில் போகும் அன்னங்களை முதன்முறை பார்த்ததும், தன்னையே பயமுறுத்தும் ஒரு விநோதக் கூச்சல் போடுகிறது. இரண்டு கதைகளிலும் ஒரே கூச்சல். ரத்தம் பேசுகிறது. ஒன்றை அது சிம்மாசனத்திலிருந்து இறக்கிக் கொல்கிறது, மற்றொன்றை ஏற்றி உட்காரவைக்கிறது. திசைதான் வேறு. நரியின் கதையை வைதிகம் என்று முகம்சுளிப்பவர்கள் வாத்துக்குஞ்சின் கதையை மனிதாபிமானம் என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள்.

ஆண்டர்சனுக்கு நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஐந்து வருஷம் முன்னால், 1838ல், அவர் ஒற்றைக்கால் தகரச் சிப்பாயின் கதையை எழுதியிருக்கிறார். பழைய தகரக் கரண்டி ஒன்றை உருக்கி இருபத்தைந்து சிப்பாய்கள். கடைசிச் சிப்பாய்க்குத் தகரம் போதவில்லை. ஊனத்துக்குக் காரணம் குலமில்லை, விதியில்லை, தகரம் தீர்ந்துபோயிற்று. அவன் கடைசிவரை ஒற்றைக்காலன்தான். இரண்டாவது கால் முளைப்பதில்லை, அவன் உண்மையில் தளபதியின் மகன் என்று தெரியவருவதுமில்லை. அடுப்பில் விழுந்து உருகிப்போகிறான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்குகிறார்கள், சோகமாக இருக்கிறதாம்.

அமெரிக்கா வேறொரு சூத்திரத்தைக் கண்டுபிடித்தது. 1939ல் சிகாகோவில் மாண்ட்கோமரி வார்டு என்ற பெரிய கடை கிறிஸ்துமஸுக்கு இலவசமாக விநியோகிக்க ஒரு சிறு புத்தகம் கேட்டது; விளம்பரம் எழுதும் ஊழியரான ராபர்ட் மே, மூக்கு சிவப்பாக ஒளிரும் ருடால்ஃப் என்ற கலைமானைப் படைத்தார். முதல் வருஷமே 24 லட்சம் பிரதிகள். பிறகு 1949ல் பாட்டாகவும் வந்து உலகமெல்லாம் பரவியது. மற்ற கலைமான்கள் மூக்கைக் கேலி செய்தன; மூடுபனி இரவில் வண்டிக்கு முன்னால் வெளிச்சம் காட்ட அந்த மூக்கு உதவிற்று; உடனே எல்லோருக்கும் பிரியம் வந்துவிட்டது. கோழியின் கேள்வி இங்கே நேர்முகத் தேர்வாகவே ஆகிவிடுகிறது. பிரயோஜனப்பட்டால் ஏற்பு. பனி விழாத வருஷத்தில் அந்த மூக்கின் கதி என்ன என்று யாரும் கேட்பதில்லை. கடையின் விளம்பரப் பிரிவிலிருந்து பிறந்த கதை இப்படி இருப்பதில் ஆச்சரியமும் இல்லை.

இதைவிட மோசம் ஸ்விட்சர்லாந்துக்காரர் மார்குஸ் ஃபிஸ்டரின் வானவில் மீன், 1992. மின்னும் செதில்கள் கொண்ட மீனுக்குக் கர்வம், ஆகவே நண்பர்கள் இல்லை. ஆக்டோபஸ் ஒன்று யோசனை சொல்கிறது: செதில்களைக் கொடுத்துவிடு. அது ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுத்து, தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, சந்தோஷமாகிறது. பகிர்ந்துகொள்ளும் பண்பைச் சொல்லும் கதை என்று புகழ்கிறார்கள். கொடுப்பது பண்டமில்லை, தோல். நட்புக்கு நுழைவுக் கட்டணமாகத் தன் உடம்பைப் பிய்த்துத் தருவதை மினுமினுக்கும் தாளில் அச்சடித்து நாலு வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு இந்தப் புத்தகத்தின்மீது கோபமே உண்டு.

கூட்டத்தின் முன்னால் தேர்வு எழுத மறுத்தவனும் இருக்கிறான். மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாஸன் படம் வரைந்த ஃபெர்டினாண்ட், 1936. ஸ்பெயின் நாட்டுக் காளை; முட்டி மோதப் பிடிக்காது; தக்கை மரத்தடியில் உட்கார்ந்து பூவை முகர்வது பிடிக்கும். லாஸன் தக்கைகளை மரத்தில் பழம்போலக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார். அந்தக் குறும்பு முழுப் புத்தகத்தின் தொனியையும் சொல்லிவிடுகிறது. தேனீ கொட்டிய வலியில் துள்ளியதைப் பார்த்து ஏமாந்தவர்கள் அதை மாட்ரிட் மைதானத்துக்குக் கொண்டுபோக, அது நடுவில் உட்கார்ந்து பெண்களின் கூந்தல் பூவை முகர்கிறது. வேறு வழியின்றித் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். கூட்டம் மாறவில்லை, காளையும் மாறவில்லை, அதன் பூ முகரும் குணம் யாருக்கும் எந்த உபகாரமும் செய்யவில்லை. தாய்ப்பசு மட்டும் ஆரம்பத்திலேயே, இவன் தனியாக இருந்தாலும் தனிமையில் வாடவில்லை என்று பார்த்துப் புரிந்துகொண்டு விட்டுவிடுகிறது. உள்நாட்டுப் போர் வெடித்த வருஷத்தில் வெளியான இந்தச் சின்னப் புத்தகத்தைப் பிராங்கோவின் ஸ்பெயின் தடைசெய்தது. தடைசெய்தவர்கள் நல்ல வாசகர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபெர்டினாண்டுக்கு யாருடைய தயவும் தேவைப்படவில்லை. தேவைப்படுகிற குழந்தையின் கதை டூவே யான்ஸன் 1962ல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத குழந்தை. யான்ஸன் பின்லாந்தில் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்தவர். ஒருபால் உறவு அந்நாட்டில் 1971 வரை குற்றமாக இருந்தது. அவர் வாழ்வைப் பகிர்ந்துகொண்டவர் ஒரு பெண், துலிக்கி பியட்டிலா. அவருடைய சாயலில் படைத்த டூட்டிக்கிதான் இந்தக் கதையில் குழந்தையைக் கூட்டிவருகிறாள். பார்க்கப்படாமல் இருப்பதைப் பற்றி எழுத யான்ஸனுக்குக் கற்பனை அதிகம் வேண்டியிருக்கவில்லை என்று ஊகிக்கலாம். நின்னி என்ற சிறுமி. அவளை வளர்த்தவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. நாள் முழுக்கக் குளிர்ந்த குத்தல் பேச்சு. பேச்சுக் குளிரில் அந்தக் குழந்தை வெளிறி, மங்கி, காணாமலே போய்விட்டது. கழுத்தில் கட்டிய மணியின் சத்தத்தை வைத்துத்தான் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும். மூமின் வீட்டில் அவளை யாரும் விசாரிக்கவில்லை. முதலில் பாதங்கள் தெரிகின்றன. உடம்பும் வருகிறது. முகம் மட்டும் வரவில்லை. சண்டைபோடக் கற்றுக்கொள்ளாதவரை உனக்கு முகம் வராது என்கிறாள் லிட்டில் மை என்ற முரட்டுப் பெண். கடைசியில், மூமின் அம்மாவைக் கடலில் தள்ளுவதுபோல் விளையாட்டுக்குப் பதுங்கி வந்த அப்பாவின் வாலை நின்னி நறுக்கென்று கடிக்கிறாள். முகம் வந்துவிடுகிறது.

இந்த வகைக் கதைகளில் ஒதுக்கப்பட்டவனுக்கு விதிக்கப்படும் குணம் எப்போதும் பொறுமை. அழுதுகொண்டே நல்லவனாக இருப்பான்; அந்த நல்லதனத்துக்குச் சம்பளமாக ஏற்பு கிடைக்கும். வாத்துக்குஞ்சு ஒருதரம்கூடத் திருப்பிக் கொத்துவதில்லை. யான்ஸன் இங்கே ஒரு வாலை எடுத்து நீட்டுகிறார், கடிக்க இடம் தருகிறார். கடிபட்ட குடும்பம் அதைச் சகித்துக்கொள்கிறது என்று சொன்னால் குறைவு. அது அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நான் கேட்கும் கேள்விக்கு இந்தக் கதை தரும் பதில் விசித்திரமானது: இந்தக் கூட்டம் மாறத் தேவையில்லாதபடி முன்பே தயாராக இருந்தது. உலகத்தில் அப்படியொரு வீடு வாய்ப்பது அபூர்வம் என்பதுதான் கஷ்டம்.

வாய்க்காத இடத்தில் என்ன நடக்கும்? டாரோ யாஷிமாவின் காக்காப் பையன் (1955) அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஜப்பானின் ராணுவ ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, 1939ல் அமெரிக்காவுக்குப் போய்விட்ட ஓவியர் யாஷிமா. கதை ஜப்பானியக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கிறது. முதல் நாளே ஒரு பையன் பள்ளிக்கூடத்துத் தரைப் பலகைக்கு அடியில் ஒளிந்துகிடக்கிறான். சிபி என்று கூப்பிடுகிறார்கள். குட்டிப் பையன் என்று அர்த்தம். வாத்தியாரைக் கண்டு பயம், பிள்ளைகளைக் கண்டு பயம், பாடம் ஏறவில்லை. பார்க்கப் பிடிக்காததைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மாறுகண்ணாக்கிக்கொள்கிறான். மணிக்கணக்காகக் கூரையைப் பார்க்கிறான், மேஜைப் பலகையைப் பார்க்கிறான். மழைநாளில் காய்ந்த புல்லால் செய்த அங்கியைப் போர்த்திக்கொண்டு வந்துவிடுகிறான். ஆறு வருஷம் ஒருநாள் விடாமல்.

ஆறாம் வகுப்பில் இஸோபே என்ற புது ஆசிரியர் வருகிறார். அவர் சிபியைத் திருத்தவில்லை. யாருக்கும் வாசிக்க முடியாத அவன் கையெழுத்தை சுவரில் ஒட்டுகிறார். காட்டுத் திராட்சை எங்கே காய்க்கும் என்று அவனுக்குத் தெரிவதைக் கண்டுகொள்கிறார். ஆண்டுவிழா மேடையில் சிபி காக்காயின் குரல்களைச் செய்துகாட்டுகிறான்: குஞ்சின் குரல், தாயின் குரல், விடியற்காலைக் குரல், ஊராருக்கு ஏதாவது விபரீதம் நேர்ந்தால் வரும் குரல்.

இங்கேதான் கதை ருடால்ஃபின் பாதையில் சறுக்கியிருக்கலாம். திறமை வெளிப்பட்டது, கைதட்டினார்கள், ஏற்றுக்கொண்டார்கள் என்று. யாஷிமா இன்னொரு அடி வைக்கிறார். இந்தக் குரல்களை எப்படிக் கற்றான் என்று இஸோபே விளக்குகிறார்: விடியும்போது வீட்டைவிட்டுக் கிளம்பி, பொழுதுசாயும்போது போய்ச்சேருவான், ஆறு வருஷமாக. கடைசிக் குரல் ஒரு பழைய மரத்துக் காக்காயுடையது. அதைக் கேட்டதும் எல்லோர் மனதிலும் அவன் வீடு இருக்கும் தூரம் விரிகிறது. பிள்ளைகள் அழுகிறார்கள், பெரியவர்களும். திறமையைக் கண்டு அழவில்லை. ஆறு வருஷம் பக்கத்திலிருந்தவன் நடந்த தூரம் தங்களுக்குத் தெரியாமலிருந்ததே என்று அழுகிறார்கள். கூட்டத்திடம் மாறியது இன்னது என்று விரல்வைத்துக் காட்டக்கூடிய கதை, நான் படித்தவரையில், இது ஒன்றுதான். சிபியின் நிலைமை அப்படியொன்றும் மாறவில்லை. படிப்பு முடிந்து, குடும்பத்தின் கரியை விற்க ஊருக்குள் வருகிறான், சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறான். அதே தூரம். யாஷிமா அவனை அன்னமாக்கவில்லை.

இதைத் தமிழில் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. இடறுவது தலைப்புதான். ஊரார் மரியாதையாகச் சூட்டும் பெயர் அந்தப் புத்தகத்தில்; நம் பள்ளிக்கூடத்து முற்றத்தில் கறுத்த பிள்ளையைக் காக்கா என்று கூப்பிடுவது வசை. போதாக்குறைக்குக் காக்கா பிடிப்பதும் இருக்கிறது. மறுபக்கம், காக்கா கரைந்தால் விருந்து வருமென்று வாசலைப் பார்க்கிறவர்கள், அமாவாசைச் சோற்றோடு அதைக் கூவி அழைக்கிறவர்கள், அதன் குரலில் பேதங்கள் உண்டென்று நம்ப யாஷிமாவின் உதவி தேவைப்படாதவர்கள். நண்பர் ஒருவர் 'அண்டங்காக்கைச் சிறுவன்' என்று வைத்து மரியாதையைக் காப்பாற்றச் சொன்னார். சிறுவன் என்றதுமே பாடப்புத்தக வாடை வந்துவிடுகிறது. காக்காப் பையன் என்றே வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். அட்டையைப் பார்த்து வகுப்பில் முதல் நாள் யாரையாவது திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.